சமாரியனுக்கு உண்மை சொல்லக் கடமையுண்டா?



சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் விசாரணைக் குருவாக இருந்தபோது, ஒரே வாரத்தில் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். ஊரையும் பேரையும் சொல்லமாட்டேன். ஏன் சொல்லவில்லை என்பது இக்கட்டுரையை வாசித்து முடிக்கையில் உங்களுக்கே விளங்கும்.

முதலில் வந்தவர் ஆம்புலன்ஸ் வண்டியில் உதவியாளராக வேலை செய்யும் ஓர் இளைஞர். ஒரு நள்ளிரவில், சாலை விபத்தில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது, உடைந்த கண்ணாடி ஒன்று அவருடைய கையுறையைக் கிழித்து உள்ளங்கையையும் கிழித்துவிட்டது. அடிபட்டவரின் இரத்தம் அந்தக் காயத்தில் நன்றாகப் பட்டது. வேலை மும்முரத்தில் அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆளை மருத்துவமனையில் ஒப்படைத்தார், கையெழுத்து வாங்கினார், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அழைப்புக்குப் புறப்பட்டுவிட்டார். 11 நாள் சென்றபின், அதே மருத்துவமனை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், அங்கு வேலை பார்க்கும் ஒருவர் பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு நீ கொண்டுவந்த ஆளுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி இருந்துச்சே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"சாமி, அவங்களுக்கு மறுநாளே ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலே. வீட்டுல கைக்குழந்தை இருக்கு, தூக்கவே பயமா இருக்கு. தெரிஞ்சும் சொல்லாம இருந்தது பாவமில்லையா?" என்று கேட்டு அழுதார்.

இரண்டு நாள் கழித்து வந்தவர் ஒரு வயதான தாயார். அவருடைய மகனுக்குக் காசநோய். ஓர் இரவு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வண்டியில் வந்தவர்கள் சொன்னார்களோ, மருத்துவமனை ஆட்கள் சொன்னார்களோ, செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. மகன் மருந்து சாப்பிட்டுத் தேறிவிட்டார். ஆயினும் அவர் கணக்கு எழுதிவந்த கடையில் வேலை போயிற்று. தங்கைக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் கலைந்தது. "என் பிள்ளை நோயை ஊருக்குச் சொன்னவங்களுக்குப் பாவமில்லையா சாமி?" என்றார் அந்த அம்மாள்.

ஒருவர், ஏன் சொல்லவில்லை என்று அழுதார். மற்றவர், ஏன் சொன்னார்கள் என்று அழுதார். இருவர் அழுகையும் நியாயமானதே. அப்படியானால் சொல்வது கடமையா, சொல்லாதிருப்பது கடமையா? உண்மை இரண்டு பக்கமும் இருக்க முடியுமா? அவசர வேளையில் நமக்குத் துணை வருகிறவர்களுக்கு, அவர்கள் எந்தத் தொற்றுநோய்க்கு ஆளாக நேர்ந்தது என்பதை அறிவிக்கும் கடமை உண்டா என்ற கேள்வியை இவ்வாரம் நாம் சற்றே நிதானித்து ஆராய்வோம்.

இரகசியம் மூவகை

குருமடத்தில் நாங்கள் கற்ற ஒழுக்க சாஸ்திரத்தில் இரகசியத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒன்று, இயல்பான இரகசியம்: யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளாவிட்டாலும், வெளியே சொன்னால் பிறருக்குத் தீங்காகும் என்பதால் நான் காக்க வேண்டியது. இரண்டு, வாக்குக் கொடுத்த இரகசியம்: சொல்லமாட்டேன் என்று நான் உறுதி சொன்னபடியால் காக்க வேண்டியது. மூன்று, ஒப்படைக்கப்பட்ட இரகசியம்: வைத்தியர், வக்கீல், தாதி முதலியோரிடம் அவர்கள் தொழிலை நம்பி ஒருவர் தம் நிலையைத் திறந்து காட்டுவது. இம்மூன்றில் கடைசியே மிகவும் பாரமானது.

ஏன் பாரமானது? நோயாளி வைத்தியரிடம் தன் உடம்பை மட்டுமன்று, மானத்தையும் ஒப்படைக்கிறான். வைத்தியர் வாய் காக்கமாட்டார் என்று தெரிந்தால் நோயாளி வரமாட்டான். அவன் வராவிட்டால் நோய் மறைவில் வளரும். வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் பரவும். ஆகையால் வைத்தியரின் மௌனம் ஒருவனுடைய மானத்தை மட்டும் காப்பதில்லை. ஊரின் சுகத்தையும் காக்கிறது. அந்த வயதான தாயாரின் கண்ணீருக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது.

இவற்றோடு பாவசங்கீர்த்தன இரகசியத்தைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அது தனி வகை. குருவானவர் தம் உயிரைக் காக்கவும், பிறர் உயிரைக் காக்கவும்கூட அதை வெளியிட முடியாது. அதற்கு விதிவிலக்கே கிடையாது. ஆனால் வைத்தியரின் இரகசியம் அப்படிப்பட்டதன்று. 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்திருக்கிறார். மனிதர் நம்பி ஒப்படைத்த இரகசியமாயினும், அது மக்கள் கூட்டத்துக்குச் சரீரக் கேட்டையோ ஆத்துமக் கேட்டையோ, ஒரு மனிதருக்குப் பெருந்தீங்கையோ விளைவிக்கக்கூடியதானால், அதைத் தெரிவிக்கும் கடமை பிறக்கிறது என்பது அவர் கருத்து. திருச்சபையின் இன்றைய மறைக்கல்வி நூலும் தொழில்முறை இரகசியத்தைப் பற்றி இதே வழியில்தான் போதிக்கிறது: தீங்கு மிகப் பெரியதாயிருந்து, உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியால் அதை விலக்க முடியாத அபூர்வ வேளையில் மட்டும் சொல்லலாம்.

கவனியுங்கள்: தீங்கு பெரியதாயிருக்க வேண்டும், வேறு வழி இருக்கக்கூடாது. இவற்றோடு இயல்பாகவே சேரும் இன்னொரு நிபந்தனையும் உண்டு: தீங்கை விலக்க எவ்வளவு தேவையோ அவ்வளவே சொல்ல வேண்டும், ஒரு சொல்லும் கூடக்கூடாது.

தீங்கு மெய்யானதா?

அந்த இளைஞரின் பயம் வெறும் பயந்தானா, அல்லது காரணமுள்ள பயமா? வைத்திய நூல்கள் சொல்வதைப் பார்ப்போம்.

ஹெப்பட்டைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் நோய். தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஒருவருக்கு நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால், நோய் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடனே, கூடுமானால் 24 மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்தும் தடுப்பூசியும் கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஊசி குத்திய வகையில் 7 நாளுக்குமேல் அந்தத் தடுப்பு மருந்தினால் பயன் உண்டென்று நம்புவதற்கில்லை. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியோ, ஊசி குத்துவதால் தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3 அளவே. ஆயினும் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். மூளை உறையைத் தாக்கும் ஒருவகைக் காய்ச்சல் இருக்கிறது. அந்த நோயாளியின் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதியவருக்கும், தொண்டையில் குழாய் செலுத்தியவருக்கும், 24 மணி நேரத்துக்குள் மருந்து கொடுப்பதே உத்தமம். காசநோயில் அவ்வளவு அவசரமில்லை; ஆயினும் நோயாளியோடு மூடிய வண்டியில் பயணம் செய்தவர் உடனே ஒருமுறையும், 8 முதல் 10 வாரம் சென்றபின் மறுமுறையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இதில் நாம் கற்றுக்கொள்வது என்ன? இக்காரியத்தில் உண்மைக்குக் காலவரை உண்டு. இன்று சொன்னால் அது மருந்து. 11 நாள் கழித்துச் சொன்னால் வெறும் செய்தி. அந்த இளைஞர் தடுப்பூசியில் ஒன்றுமட்டும் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டையும் நாளை நாளை என்று தள்ளிவிட்டவர். அது அவருடைய குற்றந்தான். ஆனால் மறுநாளே ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்திருந்தால், அந்தக் குற்றத்துக்கும் பரிகாரம் இருந்தது.

ஓர் அயல்நாட்டுச் சட்டம்

இருவர் அழுகைக்கும் ஒருசேர நியாயம் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சட்டம் ஒன்றை உதாரணமாகக் காட்டலாம். அதன் கதை நம் கேள்விக்கு மிகவும் பொருந்துவது.

இந்தியானா மாகாணத்தில் கோகோமோ என்ற ஊரில் ரையன் ஒயிட் என்றொரு சிறுவன் இருந்தான். காயம்பட்டால் இரத்தம் உறையாத நோய் அவனுக்குப் பிறவியிலேயே உண்டு. அதற்காக அவனுக்குச் செலுத்திய மருந்து மனித இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் வழியாக எச்.ஐ.வி. கிருமி அவனுக்குள் புகுந்தது. 1984 டிசம்பரில், அவனுக்கு 13 வயதாயிருக்கையில், நோய் தெரிந்தது. செய்தி ஊருக்குப் பரவியது. 1985-இல் அவன் பள்ளிக்கு வரக்கூடாது என்று தடுத்தார்கள். வழக்காடி மறுபடி பள்ளிக்குப் போனான். ஆயினும் அவன் வீட்டுச் சன்னலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோயிற்று. 1990 ஏப்ரல் 8-ஆந் தேதி, 18 வயதில் அவன் இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவி செய்யும் சட்டமொன்று அவன் பெயராலேயே நிறைவேறியது.

நோய் இன்னாருக்கென்று தெரிந்ததனால் வதைக்கப்பட்ட பிள்ளையின் பெயரைத் தாங்கிய அந்தச் சட்டத்திலேதான், அவசர உதவி ஊழியருக்கு நோய்த்தொற்றை அறிவிக்க வேண்டும் என்ற பகுதியும் சேர்க்கப்பட்டது! முதற்பார்வைக்கு இது முரண்பாடாகத் தோன்றும். ஆனால் அதன் நடைமுறையைப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் ஊழியர், தீயணைப்பு வீரர், காவலர் முதலியோருக்கு அவரவர் பணியிடத்தில் ஒரு பொறுப்பு அதிகாரி இருக்கிறார். அவர்கள் கொண்டுவந்த நோயாளிக்குக் காசநோய் போன்ற காற்று வழியாகப் பரவும் நோய் இருப்பதாக மருத்துவமனை கண்டறிந்தால், யாரும் கேளாமலே, கூடிய விரைவில், எப்படியும் 48 மணி நேரத்துக்குள் அந்த அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளி இறந்துபோனாலும் இக்கடமை நீங்காது. இரத்தத்தின் வழியாகப் பரவும் நோயானால், காயம்பட்ட ஊழியர் தம் அதிகாரியிடம் முறையிடுவார். நோய் தொற்றக்கூடிய சம்பவந்தானா என்று அதிகாரி ஆராய்ந்து மருத்துவமனையைக் கேட்பார். மருத்துவமனை 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லப்படுவது இரண்டே சங்கதி: நோயின் பெயர், நோயாளியைக் கொண்டுவந்த தேதி. நோயாளியின் பெயர் சொல்லப்படுவதில்லை.

ஆபத்தைச் சொல்லலாம், ஆளைச் சொல்லலாகாது. இவ்வளவே அதன் சாரம். முன்னே நாம் கண்ட நிபந்தனை, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்பது, இங்கே சட்டமாக உருவெடுத்திருக்கிறது.

2006-இல் அச்சட்டத்தைப் புதுப்பித்தபோது இப்பகுதி விடுபட்டுப் போயிற்று. 2009-இல் மீண்டும் சேர்த்தார்கள். எந்தெந்த நோய்களை அறிவிக்க வேண்டும் என்ற பட்டியல் 2011-இல் புதிதாக வெளியானது. 2020-இல் கோவிட் நோயும் அதில் சேர்ந்தது.

இத்தகைய அறிவிப்பு எதற்குப் பயன்படும் என்பதற்கு ஒரு சம்பவம். 2014 செப்டம்பர் 28-ஆந் தேதி டல்லாஸ் நகரில் ஒரு நோயாளியை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு வந்திருப்பது எபோலா என்று 30-ஆந் தேதி உறுதியாயிற்று. கொண்டுவந்த ஊழியரைத் தனித்திருக்கச் செய்து, அந்நோய் வெளிப்படக்கூடிய 21 நாளும் கவனித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் நோய் காணவில்லை. ஆனால் மருத்துவமனையில் அவரைப் பராமரித்த தாதியரில் இருவரை நோய் பற்றியது, இருவரும் பிழைத்தார்கள். உதவி செய்வோரின் அபாயம் கற்பனையன்று என்பதற்கு இது போதும்.

ஆட்சேபணைகளும் விடைகளும்

முதல் ஆட்சேபணை: "எல்லா நோயாளியையும் தொற்றுநோய் உள்ளவராகவே பாவித்துக் கையுறை அணிந்து பணி செய்ய வேண்டும் என்று 1987 முதலே விதி இருக்கிறதே. விதியைக் கைக்கொண்டால் போதாதா? எதற்காகத் தனியே சொல்ல வேண்டும்?"

விடை: விதி நல்லதே, அதை அலட்சியம் செய்கிறவர் தமக்கும் தம் வீட்டாருக்கும் தீங்கு செய்கிறார். ஆனால் கையுறை கிழியும். நசுங்கிய காருக்குள் கையை விட்டு உயிரை இழுக்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக அமைவதில்லை. மேலும், கையுறை காப்பது தொற்றுவதற்கு முன்னே. நாம் பேசுவதோ காவல் தவறிய பின்னே. பின்னே கொடுக்க வேண்டிய மருந்து நோய்க்கு நோய் வேறுபடுகிறது. எந்த நோய் என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது?

இரண்டாம் ஆட்சேபணை: "பெயரைச் சொல்லாவிட்டாலும் தேதியைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடுமே?"

விடை: உண்மை. அன்றிரவு ஒருவரையே கொண்டுவந்திருந்தால் ஊழியருக்கு ஆள் தெரியத்தான் செய்யும். இதை நான் மறைக்கமாட்டேன். எந்தச் சட்டமும் இதை முற்றிலும் தடுக்க முடியாது. ஆனால் அந்த ஊழியர் யாரோ வழிப்போக்கர் அல்லர். நோயாளியின் உடம்பு முதன்முதல் ஒப்படைக்கப்பட்டது அவர் கையில்தான். வைத்தியரைக் கட்டும் இரகசியம் அவரையும் கட்டுகிறது. தம்மைக் காத்துக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டதை அவர் தேநீர்க் கடையில் பேசினால், மருந்துக்கென்று கொடுத்த கத்தியால் குத்தியவராகிறார். அந்த வயதான தாயாரின் வீட்டில் நடந்தது அதுவே.

மூன்றாம் ஆட்சேபணை: "நோயின் பெயரைக் கேட்டால் மறுமுறை உதவிக்கு வரப் பயப்படுவார்களே?"

விடை: அந்தச் சட்டமே இதற்கு இடங்கொடுக்கவில்லை. இதைக் காரணம் காட்டி எந்த ஊழியரும் உதவியை மறுக்கலாகாது என்றும், இதற்காக நோயாளியைக் கட்டாயமாகச் சோதிக்கும் அதிகாரம் மருத்துவமனைக்கு வந்துவிடவில்லை என்றும் அதிலே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. நான் கண்டவரையில், மனிதரை ஓடச் செய்வது தெரிந்த ஆபத்தைவிடத் தெரியாத ஆபத்தே. நமக்கு ஒன்று நேர்ந்தால் மறைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை உள்ளவன் துணிந்து வருவான். மறைப்பார்கள் என்று ஒருமுறை கண்டவன் ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு தொடுவான். அந்த இளைஞர் என்னிடம் சொன்னது அதுதான்: "இனிமே யாரைத் தூக்கினாலும் முகத்தைப் பார்க்க மாட்டேன் சாமி, கையைத்தான் பார்ப்பேன்."

காணிக்கையும் களவும்

நான்காவதாக ஒரு பேச்சு உண்டு. ஆட்சேபணையாக அல்ல, பக்தியின் வேஷத்தில் அது வருகிறது. "பிறருக்காக உயிரைக் கொடுப்பது புண்ணியந்தானே? அர்ச். தமியானுஸ் கணக்குப் பார்த்தா போனார்?"

நல்லது, அவரையே எடுத்துக்கொள்வோம். பெல்ஜியம் நாட்டவரான அர்ச். தமியானுஸ் 1873-இல் மோலோக்காய் தீவிலுள்ள குஷ்டரோகிகளின் குடியேற்றத்துக்குப் போனார். அந்நோய் அவரையும் பற்றியது. 1889 ஏப்ரல் 15-ஆந் தேதி அங்கேயே மரித்தார். 2009-இல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். ஆனால் அவர் ஏமாற்றி அனுப்பப்பட்டவரா? அங்கே யார் இருக்கிறார்கள், என்ன நோய், என்ன நேரலாம் என்பதெல்லாம் அறிந்தே போனார். அறிந்து கொடுத்தபடியால் அது காணிக்கையாயிற்று.

ஒருவன் அறியாமலே அவனுடைய ஆரோக்கியத்தை மற்றவர்கள் செலவிட்டால், அதைக் காணிக்கை என்று சொல்ல முடியுமா? அது அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. கேளாமல் எடுத்ததற்குக் களவு என்று பெயர். பிறர்சிநேகத்தைப் பிறரிடம் கட்டாயமாக வசூலிக்க நமக்கு உரிமையில்லை. உதவி செய்தவன் தியாகி என்று புகழ்ந்துவிட்டு, அவனுக்குச் சேரவேண்டிய உண்மையை மறைப்பது, கூலியைப் பிடித்துக்கொண்டு மாலை போடுவதற்கு ஒப்பாகும்.

சேசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் உவமை நம் எல்லாருக்கும் தெரியும். எரிக்கோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களைச் சமாரியன் தன் கைகளாலே கட்டினான். எண்ணெயும் இரசமும் வார்த்தான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான். இந்த உவமையைப் பிரசங்கிக்கும் போதெல்லாம் நாங்கள் சமாரியனின் கடமையைப் பற்றியே பேசுகிறோம். சத்திரக்காரனின் கடமையைப் பற்றி நான் யோசித்ததில்லை, அந்த இளைஞர் வரும்வரை. சமாரியன் திரும்பி வருவான் அன்றோ? அவன் வரும்போது கணக்கு மட்டும் காட்டினால் போதுமா? "ஐயா, நீர் கட்டிய காயத்தில் இன்ன நோய் இருந்தது; உம்முடைய கையைப் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டாமா? சமாரியன் மருத்துவமனை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தற்செயலாகவா அதைக் கேட்க வேண்டும்?

யாருக்கு என்ன கடமை?

நம் நாட்டிலும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் நோய் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் நிலையை அவர் சம்மதமின்றி, சட்டம் குறிப்பிட்ட சில வேளைகளில் அன்றி, வெளியிடலாகாது என்று அது விதிக்கிறது. அதே சட்டம், மருத்துவ நிறுவனங்களும் ஊழியருக்குத் தொற்று நேரக்கூடிய மற்ற நிறுவனங்களும் அவர்களுக்குப் பாதுகாப்பு முறைகளையும், தொற்று நேர்ந்தால் தடுப்பு மருந்தையும் கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஆகவே இரண்டு கடமையும் ஒன்றாய் நிற்கக்கூடியவை என்பது நமக்கும் புதிதன்று. ஆயினும் சட்டம் எழுதியதை மட்டும் செய்து ஓய்ந்துவிடுகிறவன் மனச்சாட்சியின் பாதியைத்தான் கேட்டவனாவான். எனவே ஒவ்வொருவர் கடமையையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

மருத்துவமனையில் பணிபுரிவோருக்கு: நோயாளியைக் கொண்டுவந்தவர் கையில் காயம் இருந்ததா என்று ஒப்படைக்கும்போதே கேளுங்கள். பின்னால் ஒரு நோய் தெரிய வந்தால், வழி இருந்தால் அந்த வழியாகவும், வழி இல்லாவிட்டால் உங்கள் மேலதிகாரி வழியாகவும், ஆபத்தைத் தெரிவிக்க முயலுங்கள். நோயாளியிடமே சம்மதம் கேட்பதும் ஒரு வழி. தன்னைத் தூக்கி வந்தவனுக்காக என்று கேட்டால் மறுப்பவர் சிலரே. இது என் வேலையன்று என்று கைகழுவிய பிலாத்துவின் முன்மாதிரி நமக்கு வேண்டாம்.

ஆம்புலன்ஸ் முதலிய பணியில் இருப்போருக்கு: தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். காயம்பட்டால் வெட்கப்படாமல் அன்றே எழுதிக் கொடுங்கள். தெரிய வந்ததை உங்கள் வைத்தியரிடமன்றி வேறு யாரிடமும் பேசாதீர்கள். வீட்டில் அவசியமானதைச் சொல்லலாம். நோயாளி யார் என்பது அதில் சேராது.

நோயாளிக்கும் வீட்டாருக்கும்: இதுவே நம்மில் பெரும்பாலோரைத் தொடுகிறது. அவஸ்தைப்பூசுதல் கொடுக்க நள்ளிரவில் போகும்போது, இருமித் தவிக்கும் மனிதரைக் காட்டி, "வெறும் சளிதான் சாமி" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மறுவாரம் மருத்துவச் சீட்டைப் பார்த்தால் காசநோய் என்றிருக்கும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், ஊர்வாய்க்குப் பயந்தவர்கள். உங்களைத் தூக்க வருகிறவரிடம் தனியே, மெதுவாக, "இவருக்கு இன்ன நோய்க்கு மருந்து நடக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அது உங்கள் மானத்தைக் குறைக்காது. அவருடைய உயிரைக் காக்கும்.

ஊராருக்கு, அதாவது நம் எல்லாருக்கும்: மேலே சொன்ன எல்லாக் கடமையையும் கடினமாக்குவது நாமே. நோயாளியை ஒதுக்குகிற தெருவில் யார் உண்மை சொல்லத் துணிவார்? காசநோய் மருந்தால் குணமாகும் என்று தெரிந்தும் வீட்டுப் படியேற மறுக்கிறவன், நாளை ஓர் ஆம்புலன்ஸ் ஊழியருக்கு நேரப்போகும் தீங்கிலும் பங்குகொள்ளுகிறான். கோகோமோ ஊராரைக் குறைசொல்வது எளிது. அந்த வயதான தாயாரின் தெரு நம் நாட்டில்தான் இருந்தது.

நிற்க. அந்த இளைஞருக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உடனே ஒரு வைத்தியரிடம் அனுப்பினேன். குழந்தையைத் தூக்குவதாலும் முத்தமிடுவதாலும் அந்நோய் தொற்றாது என்று வைத்தியர் சொன்ன அன்று மாலையே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு வந்து காட்டினார். ஆறு மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது. சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த ஆறு மாதம் அவரும் அவர் மனைவியும் பட்ட வேதனையை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. நோய் தொற்றவில்லை என்பதால், சொல்லாமல் இருந்த குற்றம் இல்லாமல் போய்விடாது.

அந்தத் தாயாரின் மகளுக்கு இரண்டு ஆண்டு சென்று வேறிடத்தில் விவாகம் நடந்தது. நானே பூசை வைத்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் அண்ணனுக்கு வந்து போன நோயை அந்தத் தாயாரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். "மறைச்சு வச்சா யாராவது சொல்லுவாங்கன்னு பயந்துகிட்டே இருக்கணும் சாமி, நானே சொல்லிட்டேன்" என்றார். சொல்ல வேண்டியவர், சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய அளவு சொன்னார். நம் கேள்விக்கு நான் தேடிய விடையும் அதுவே.

உங்கள் பங்குக் குரு